அப்பா ஜெயில்ல, பையனுக்கு 14 வயசு, ஏரியா "அண்ணன்" கூட சுத்துறான். மாமாவா நான் என்ன பண்ணலாம்?

நைட்_ஷிப்ட்_மாமா:

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னிக்குதான் முதல் தடவ எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

அக்கா பையன் ஒருத்தன், வயசு 14. அவன் அப்பா உள்ள போய் நாலு வருஷம் ஆச்சு, இன்னும் மூணு வருஷம் பாக்கி. அக்கா காலைல ஒரு எடம் சாயங்காலம் ஒரு எடம்னு ரெண்டு வேலை பாக்குது. நாங்க இருக்குற ஏரியா எப்படின்னா, ராத்திரி பத்து மணிக்கு மேல டப்புனு ஒரு சத்தம் கேட்டா டயர் வெடிச்சுதா வேற எதாவதான்னு வீடே ஒரு செகண்ட் மூச்ச புடிச்சிக்கும், அப்பறம் டிவி சத்தத்த கூட்டி வச்சிட்டு அவங்கவங்க வேலைய பாப்போம். அந்த மாதிரி எடம்.

பையன் படிப்புல சுமார், வாய் ஜாஸ்தி, மத்தபடி நல்லவன்தான். ஆறு மாசமா தெருமுனைல ஒரு கும்பல் கூட நிக்குறான். அதுக்கு ஒரு "அண்ணன்" இருக்கான், 26, 27 வயசு இருக்கும். போன மாசம் பையன் கைல புது போன். ஏதுடான்னு கேட்டா "அண்ணன் சும்மா குடுத்தாரு"ன்றான். குடுத்தாராம்! பெத்த அப்பன பத்தி பேசும்போது "அவன், இவன்"னுதான் வரும், இவனுக்கு மட்டும் "ரு" போடுறான். எனக்கு போன விட அந்த "ரு"தான் சுருக்குன்னு குத்துச்சு.

கோவத்துல கன்னத்துல ஒண்ணு விட்டுட்டேன். அவன் அழல, திருப்பி கைய ஓங்கவும் இல்ல. என்ன நேரா பாத்து "நீ யாரு என்ன அடிக்க"ன்னு மெதுவா கேட்டான், செருப்ப மாட்டிட்டு போயிட்டான். ரெண்டு நாள் வீட்டுக்கு வரல. அக்கா என்கிட்ட பேசவே இல்ல.

கேட்க வந்தது இதுதான். பெத்த அப்பா இல்லாத எடத்துல வேற ஆம்பள ஒருத்தன் நின்னா அது வேலைக்கு ஆகுமா, இல்ல இதெல்லாம் நம்மளே மனச தேத்திக்கிறதா? வீட்ட மாத்திட்டா சரியாகுமா? ஜெயிலுக்கு கூட்டிட்டு போய் அப்பாவ காட்டலாமா? இது மாதிரி ஏரியால வளந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நான் நைட் ஷிப்ட், பதில் போட லேட் ஆகும்.


கடுகு_காரம்:

அடியாத மாடு படியாது ப்ரோ. நீங்க ஒண்ணு விட்டதுதான் தப்பு, நாலு விட்டிருக்கணும். எங்க அப்பா பெல்ட்டாலயே வெளுப்பாரு, நான் ஒழுங்காதான இருக்கேன்.


ஒயர்மேன்77:

கடுகு, உங்க அப்பா அடிச்சிட்டு ராத்திரி அதே வீட்டுலதான படுத்தாரு? மறுநாளும் இருந்தாரு, ஃபீஸ் கட்டுனாரு. அது வேற கணக்கு. எங்க மாதிரி பசங்கள அடிக்க ஊரே இருக்கு, போலீஸ் அடிக்கும், பக்கத்து தெரு கேங் அடிக்கும், ஸ்கூல்ல அடிப்பாங்க. அதுல மாமாவும் ஒருத்தரா லிஸ்ட்ல சேந்தாரு, அவ்ளோதான்.

மாமா ப்ரோ, நான் அந்த தெருமுனைலயே நின்னவன். 13 வயசுல ஆரம்பிச்சு 17 வரைக்கும். இப்ப வயசு 40 தாண்டியாச்சு, அதனால கொஞ்சம் தைரியமா எழுதுறேன்.

வெளில இருந்து பாக்குறவங்க பணத்துக்காக போறானுங்க, கெத்துக்காக போறானுங்கன்னு சொல்லுவாங்க. இருக்கும். ஆனா எனக்கு அந்த அண்ணன் மொதல்ல குடுத்தது பணமும் இல்ல போனும் இல்ல. ஒரு நாள் ஸ்கூல் முடிஞ்சு வரேன், உதட்டுல ரத்தம், எவனோ அடிச்சிட்டான். அண்ணன் பைக்ல உக்காந்திருந்தாரு (பாத்தீங்களா எனக்கும் "ரு" வருது, இத்தன வருஷம் ஆகியும்). என்ன கூப்டு மோவாய புடிச்சு வெளிச்சத்துல திருப்பி பாத்தாரு. "யாரு?"ன்னு மட்டும் கேட்டாரு. அவ்ளோதான். எங்க வீட்டுல ஒருத்தர் என் மூஞ்சிய அந்த மாதிரி கைல புடிச்சு பாத்து எத்தன வருஷம் ஆச்சுன்னு அப்பதான் எனக்கே தோணுச்சு. அதுக்கப்பறம் அந்த ஆளு கேட்டிருந்தா எது வேணா பண்ணியிருப்பேன். பண்ணவும் செஞ்சேன்.

அந்த கும்பல் புரிஞ்சு வச்சிருக்குறது இததான் ப்ரோ. காலியா இருக்குற நாற்காலி எந்த வீட்டுல இருக்குன்னு அவங்களுக்கு நல்லா தெரியும்.

நான் வெளில வந்த கதையும் சொல்லிடுறேன். எங்க பக்கத்துல ஒரு எலக்ட்ரீசியன் இருந்தாரு, அம்மாவுக்கு தூரத்து சொந்தம். அட்வைஸ் ஒரு வார்த்த கிடையாது. ஒரு லீவு நாள் வந்து "கை ஆள் வேணும், வா"ன்னாரு. போனேன், சும்மா பொழுது போகலன்னுதான். மொத நாளே ஒரு போர்டு முன்னாடி நிக்க வச்சு "மெயின் ஆஃப் பண்ணியாச்சு, கைய வை"ன்னாரு. நான் கைய கொண்டு போனேன். டக்குனு மணிக்கட்ட புடிச்சு நிறுத்திட்டாரு. "நான் சொன்னா நம்பிடுவியா? எவன் சொன்னாலும் நம்பாத. போய் நீயே பாரு, டெஸ்டர் வச்சு பாரு, அப்பறம் கை வை." மெயின் ஆஃப்லதான் இருந்துச்சு, அது வேற விஷயம். ஆனா அது வரைக்கும் எனக்கு எல்லாரும் "நான் சொல்றேன் செய்"னுதான் சொல்லியிருந்தாங்க, அந்த அண்ணன் உட்பட. என் உசுரு என் கைல இருக்குன்னு சொன்ன மொத ஆளு இவருதான்.

ஒருநாள் வேற பசங்க பண்ண ஒரு விஷயத்துக்கு என்னையும் சேத்து ஸ்டேஷன்ல உக்கார வச்சிட்டாங்க. ராத்திரி அவருதான் வந்தாரு. வெளில வந்ததும் திட்டுவாருன்னு நெனச்சேன், வீட்டு வாசல் வரைக்கும் வாயே தொறக்கல. காலைல ஏழு மணிக்கு டூல் பேக்கோட வந்து நின்னாரு, எப்பவும் போல. "ஏணிய எடு." இப்பவும் இத டைப் பண்ணும்போது ஒரு மாதிரி ஆகுது.

அதனால உங்க மொத கேள்விக்கு என் பதில், ஆகும். ஆனா ஒரு தடவ அறைஞ்சோ ஒரு தடவ உக்கார வச்சு பேசியோ ஆகாது. மறுபடி மறுபடி வந்து நிக்கணும்.


பின்பெஞ்ச்_புத்தகம்:

ஒயர்மேன் அண்ணா, அந்த ஏணி வரிய மூணு தடவ படிச்சேன்.

நான் சாயங்கால டியூஷன் மாதிரி ஒரு எடத்துல இந்த வயசு பசங்க கூட வேலை பாக்குறேன், இதுக்காகவே கொஞ்சம் படிச்சிருக்கேன். மாமா கேட்டது "வேற ஒருத்தர் நின்னா ஆகுமா"ன்னு. இத நெஜமாவே பல வருஷம் உக்காந்து பாத்திருக்காங்க. ஹவாய்ல காவாய்னு ஒரு தீவு, அங்க 1955ல பொறந்த 698 கொழந்தைங்கள எம்மி வெர்னர்னு ஒரு உளவியல் அறிஞர் தன் டீமோட 40 வயசு வரைக்கும் தொடர்ந்து பாத்துட்டே வந்தாங்க. வறுமை, வீட்டுல சண்ட, குடி, மனநோய்னு எல்லா பக்கமும் இடி வாங்குன கொழந்தைங்கள தனியா எடுத்து பாத்தா, அதுல மூணுல ஒரு பங்கு நல்லாவே தேறி வந்திருந்தாங்க. அந்த தேறுன கூட்டத்துல திரும்ப திரும்ப தெரிஞ்ச ஒரு விஷயம், விடாம கூட நின்ன பெரியவங்க ஒருத்தராவது இருந்தாங்க. அது பெத்தவங்களாதான் இருக்கணும்னு இல்ல. தாத்தா, பாட்டி, சித்தி, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரங்கன்னு யாரா வேணா இருந்திருக்காங்க. மாமா லிஸ்ட்ல தாராளமா வரலாம்!

இன்னொண்ணு இன்னும் ஆச்சரியம். அமெரிக்கால ராஜ் செட்டின்னு ஒரு பொருளாதார பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் 2018ல ரெண்டு கோடி பேரோட கணக்க எடுத்து பாத்தாங்க. கறுப்பின பசங்க எந்த மாதிரி ஏரியால வளந்தா பின்னாடி கொஞ்சம் முன்னுக்கு வராங்கன்னு பாத்தா, வறுமை கொறைவா இருக்குற ஏரியாக்கள்ல, அக்கம்பக்கத்து வீடுகள்ல அப்பாக்கள் நெறைய இருந்த எடங்கள்ல அவங்க நெலம நல்லா இருந்துச்சு. கவனிங்க, அந்த பையன் வீட்டுல அப்பா இருக்காரா இல்லையான்றது தனி விஷயம், தெருவுல எத்தன அப்பாக்கள் இருக்காங்கன்றதுக்கு தனியா ஒரு தொடர்பு இருந்துச்சு. இதுதான் காரணம்னு அடிச்சு சொல்ற ஆராய்ச்சி இல்ல அது, ஆனா எனக்கு தோணுறது, பையன் காலைல கதவ தொறந்தா வேலைக்கு கெளம்புற நாலு ஆம்பளைங்க கண்ணுல படுறாங்களா, இல்ல பைக்ல சாஞ்சு நிக்குற ஒருத்தன் மட்டும் படுறானான்றது விஷயம்.

ஆனா ஒரு எச்சரிக்கை, இத ரொம்ப சீரியஸா எடுத்துக்கோங்க மாமா. வெளி ஆள ஒரு பையனுக்கு அண்ணன் மாதிரி சேத்து விடுற திட்டங்கள் இருக்கு. அதுல ஜீன் ரோட்ஸ், கிராஸ்மேன்னு ரெண்டு பேரு 2002ல பாத்தது என்னன்னா, அந்த உறவு ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ நீடிச்சா பசங்களுக்கு நல்ல பலன், ஆனா மூணு மாசத்துக்குள்ள அறுந்து போனா அந்த பசங்க தங்கள பத்தி முன்ன விட மட்டமா நெனைக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஏற்கனவே ஒருத்தர் போயிட்டாரு, இப்ப இவரும் போயிட்டாரு, அப்ப கோளாறு நம்மகிட்டதான்னு எடுத்துக்கும் அந்த மனசு. அதனால உணர்ச்சி வசப்பட்டு தெனம் வரேன்னு சொல்லாதீங்க. வாரத்துல ஒரு நாள்னு சொல்லி, அந்த ஒரு நாள செத்தாலும் விடாதீங்க.


ரெண்டு_பசங்க_அம்மா:

எல்லாரும் அழகா எழுதுறீங்க, ஆனா எனக்கு கொஞ்சம் எரிச்சலாவும் வருது, சொல்லிடுறேன்.

நான் தனியா ரெண்டு பசங்கள இதே மாதிரி ஏரியால வளத்தவ. பெரியவனுக்கு 22, சின்னவனுக்கு 19. ஸ்கூல்ல எந்த பிரச்சனைன்னாலும் "அப்பாவ கூட்டிட்டு வா". நான் போய் நின்னா "அப்பா இல்லையா, ஓ, அதான்". அந்த "அதான்" இருக்கே, அத கேட்டு கேட்டு எனக்கு காது மரத்து போச்சு. பையன் ஜன்னல ஒடைச்சாலும் அதான், மார்க் கொறைஞ்சாலும் அதான். அப்பா இருக்குற பசங்க ஜன்னல் ஒடைக்கிறதே இல்லையா?

எங்க வீட்டுல அப்பா இருந்தாரு. பெரியவனுக்கு ஒம்போது வயசு வரைக்கும் இருந்தாரு. சாயங்காலம் கேட் கம்பி சத்தம் கேட்டா ரெண்டு பேரும் டிவிய ஆஃப் பண்ணிட்டு கட்டிலுக்கு கீழ போயிடுவானுங்க, நான் சொல்லி குடுத்தது இல்ல, தானா கத்துக்கிட்டது. சத்தத்துலயே அன்னிக்கு எப்படின்னு சொல்லிடுவான் பெரியவன், கொக்கிய மெதுவா போட்டா ஓகே, தூக்கி அடிச்சா ஓடு. அவரு போன ராத்திரி மூணு பேரும் விளக்க அணைச்சிட்டு தூங்குனோம், முழுசா. அதனால அப்பா இருந்தாலே நல்லதுன்னு யாரும் என்கிட்ட சொல்லாதீங்க.

மாமா தம்பி, உங்கள குறை சொல்லல. அந்த ஏரியால ஒருத்தர் இவ்ளோ யோசிக்கிறதே பெருசு. ஆனா நீங்க எழுதுனதுல உங்க அக்கா எங்க? "ரெண்டு வேலை பாக்குது", "பேசவே இல்ல", அவ்ளோதான். அந்த பொண்ணு சாயங்கால வேலைய விட முடிஞ்சா பையன் பாதி நேரம் தெருமுனைல நிக்க மாட்டான். அப்பா மாதிரி ஆகணும்னு நெனைக்கிறத விட, மாசம் கொஞ்சம் பணம் குடுத்து அக்காவ ஒரு வேலைய விட வைக்க முடியுமான்னு பாருங்க. அதுவும் ஆம்பள செய்ற வேலைதான்.


பின்பெஞ்ச்_புத்தகம்:

அக்கா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1,116 இரட்டை கொழந்தை குடும்பங்கள வச்சு சாரா ஜாஃபி, டெர்ரி மொஃபிட் எல்லாம் 2003ல இதையேதான் பாத்தாங்க. அடிதடி, சட்டத்த மீறுறதுன்னு இல்லாத சாதாரண அப்பா வீட்டுல சேந்து வாழலன்னா கொழந்தைங்க கிட்ட அடாவடி ஜாஸ்தியா இருந்துச்சு. அந்த மாதிரி கொணம் ரொம்ப அதிகமா இருக்குற அப்பாவா இருந்தா கத தலகீழ், எவ்ளோ நாள் கூட இருக்காரோ அவ்ளோ மோசம். அது அஞ்சு வயசு கொழந்தைங்கள வச்சு பண்ணது, 14 வயசுக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்லல, ஆனா திசை புரியுது.

கொழந்தைங்கள விட்டு தனியா வாழுற அப்பாக்கள பத்தி 63 ஆராய்ச்சிகள தொகுத்து பால் அமேட்டோ, கில்பிரெத் 1999ல எழுதுனதும் இதே ரகம்தான். எத்தன தடவ வந்து பாக்குறாருன்ற எண்ணிக்கை பெருசா எதையும் மாத்தல. வந்தா என்ன செய்றாரு, பேச்ச காது குடுத்து கேக்குறாரா, எது சரி எது தப்புன்னு கோடு போட்டு அதுல நிக்குறாராங்கறதுதான் பலன் காட்டுச்சு.


நைட்_ஷிப்ட்_மாமா:

இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு வந்தேன், பஸ்ல உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன். ரெண்டு பசங்க அம்மா, நீங்க சொன்னது உறைச்சுது. நான் அக்காகிட்ட பையன பத்தி பேசியிருக்கேன், அக்காவ பத்தி கேட்டதே இல்ல.

பையன் திரும்பி வந்துட்டான், வீட்டுலதான் இருக்கான். என்ன பாத்தா மூஞ்சிய திருப்பிக்கிறான். வீடு மாத்துறத பத்தி யாரும் சொல்லலயே?


தெரு_வரைபடம்:

வீடு மாத்துறது பத்தி நான் சொல்றேன், ஏன்னா நாங்க மாறுனோம், எனக்கு 15 வயசு அப்ப. அமைதியான ஏரியா, நல்ல ஸ்கூல். ஒரு வருஷம் நான் வார கடைசி ஆனா பஸ் ஏறி பழைய ஏரியாவுக்கே போயிட்டு இருந்தேன், ஏன்னா புது எடத்துல என்ன தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்ல, என்ன பாத்தாலே பைய இறுக்கி புடிச்சிக்கிட்டாங்க.

இத அமெரிக்கால பெரிய சோதனையாவே பண்ணியிருக்காங்க. 1994லேர்ந்து 1998 வரைக்கும் பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க்னு அஞ்சு ஊர்ல, அரசாங்க குடியிருப்புல இருந்த 4,600 சொச்சம் ஏழை குடும்பங்கள்ல குலுக்கல் போட்டு ஒரு பகுதிக்கு வறுமை கொறைஞ்ச ஏரியாவுக்கு போக வாடகை உதவி குடுத்தாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு 2016ல கணக்கு பாத்தப்ப, 13 வயசுக்குள்ள மாறுன கொழந்தைங்க பெரியவங்க ஆனப்ப மத்தவங்கள விட 31 சதவீதம் அதிகமா சம்பாதிச்சாங்க. 13க்கு மேல மாறுனவங்களுக்கு அந்த பலன் இல்ல, கொஞ்சம் பின்னடைவுதான். டீனேஜ்ல மாறுன பொண்ணுங்க ஓரளவு நல்லா இருந்தாங்க, பசங்க அவ்ளோவா ஒட்டல. ஏன்னு பால்டிமோர், சிகாகோ பசங்ககிட்ட உக்காந்து பேசி பாத்தவங்க சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, மாறிப்போன பசங்களுக்கு அப்பா ஸ்தானத்துல இருந்த ஆம்பளைங்க கூட தொடர்பு கொறைஞ்சு போச்சு. சித்தப்பாவோ, அம்மாவோட துணையோ, யாரோ ஒருத்தர் பழைய எடத்துல இருந்தாரு, இங்க இல்ல. இது பேராசிரியர் சூசன் கிளாம்பெட் லண்ட்குவிஸ்ட், காத்ரின் ஈடின் எல்லாம் எழுதுனது.

அதனால மாமா, மாத்துறதா இருந்தா மாத்துங்க, அக்காவுக்காகவே கூட மாத்தலாம். ஆனா நீங்க இங்கயும் அவங்க அங்கயுமா ஆகிட்டா பையன் கதை என் கதைதான்.

இன்னொன்னு. எங்க ஏரியால வயசானவர் ஒருத்தர் இருந்தாரு, ஃபேக்டரில சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பசங்க திண்ணைல உக்காந்தா வந்து "என்னடா, லீவு முடிஞ்சு வேலைக்கு சேர சொல்லவா"ன்னு வம்புக்கு இழுப்பாரு. ரெண்டு மூணு பேர வேலைல சேத்தும் விட்டிருக்காரு. ஃபேக்டரி மூடுன அப்பறம் அவர் பேச்ச எவனும் மதிக்கல. குடுக்க வேலை இல்லாத பெரிசு எதுக்கு சொல்லுங்க? ஃபிலடெல்ஃபியா தெருக்கள்ல வருஷக்கணக்கா சுத்துன எலைஜா ஆண்டர்சன்னு ஒரு சமூகவியல் பேராசிரியர் இதையேதான் எழுதியிருக்காரு. வேலைக்கு போ, குடும்பத்த பாருன்னு பசங்களுக்கு சொன்ன பெருசுங்கள அங்க "ஓல்ட் ஹெட்"னு சொல்லுவாங்களாம். ஆலைங்க போனதும் அவங்க மவுசும் போச்சு, அந்த எடத்துல கை நெறைய காசோட போதை சரக்கு விக்குறவன் வந்து உக்காந்தான். உங்க தெருமுனை அண்ணன் மாதிரி ஆளு வானத்துல இருந்து குதிக்கல.


கடுகு_காரம்:

சரி சரி எல்லாரும் சேந்து என்ன அடிச்சிட்டீங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், நெஜமா தெரியாமதான் கேக்குறேன். அந்த ஏரியால "சண்டைக்கு போகாத"ன்னு சொன்னா பையன் தெனம் அடி வாங்குவானே? எங்க அப்பா சொன்னதே "வாங்கிட்டு வராத, குடுத்துட்டு வா"னுதான்.


ஒயர்மேன்77:

இது நல்ல கேள்வி கடுகு, இதுல எவனும் பொய் சொல்ல கூடாது. எங்க தெருவுல ஒருதரம் குனிஞ்சா தெனம் குனிய வேண்டியதுதான். "வன்முறை தப்பு தம்பி"ன்னு சொல்ற வாத்தியார் சாயங்காலம் நாலரைக்கு அவர் வீட்டுக்கு போயிடுவாரு, பையன் அந்த தெரு வழியாதான் போகணும். அதனால பசங்க அவர நம்புறதில்ல.

எலக்ட்ரீசியன் எனக்கு சொன்னது வேற. எது நெஜமான ஷாக், எது சும்மா பொறி பறக்குறதுன்னு பிரிச்சு பாருன்னுவாரு. எவனோ மொறைச்சா அது பொறி. கத்தி எடுத்தா அது ஷாக், ஓடு, ஓடுறதுல வெக்கம் கெடையாது, நானே ஓடியிருக்கேன்னு எங்க எப்ப ஓடுனாருன்னு கதையே சொல்லுவாரு. ஒரு பெரிய மனுஷன் தான் ஓடுன கதைய சிரிச்சிக்கிட்டே சொல்லி நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல.


பின்பெஞ்ச்_புத்தகம்:

இத அப்படியே ஒரு பயிற்சியா பண்றாங்க தெரியுமா. சிகாகோல ஸ்கூல் பசங்களுக்கு ஒரு திட்டம், பேரு "பிகமிங் எ மேன்". வாரம் ஒரு மணி நேரம் சின்ன கூட்டமா கொஞ்ச பசங்க, ஒரு பெரியவர், அவ்ளோதான். மொத வகுப்புலயே ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு ஒருத்தன் கைல பந்த குடுத்து இறுக்கி மூடிக்க சொல்லுவாங்க. அடுத்தவனுக்கு 30 செகண்ட் டைம், பந்த வாங்கணும். உடனே மல்லுக்கட்டு, கைய முறுக்குறது, கடிக்கிறது, எல்லாம் நடக்கும். முடிஞ்சதும் அவர் கேப்பாரு, "ஏன்டா, ஒருத்தனுக்கு கூட குடுன்னு கேக்க தோணலயா?" சண்டையே போடாதன்னு அங்க யாரும் சொல்றதில்ல. கை தானா நீளுறதுக்கு முன்னாடி இப்ப இது என்ன சூழ்நிலைன்னு ஒரு செகண்ட் பாருன்னுதான் பழக்குறாங்க. முறையா குலுக்கல் போட்டு ரெண்டு தடவ சோதிச்சு பாத்ததுல, திட்டம் நடந்த காலத்துல வன்முறை கேஸ்ல அரஸ்ட் ஆகுறது 45, 50 சதவீதம் அளவுக்கு கொறைஞ்சுது. திட்டம் முடிஞ்சதும் அந்த அரஸ்ட் கொறைஞ்சது அப்படியே நிக்கல, அதையும் சொல்லணும். மறுபடி ஒயர்மேன் சொன்னதுதான், ஏணிய எடுக்க ஆள் தொடர்ந்து வரணும்.


மழைக்கு_முன்:

ஜெயில் கேள்விக்கு மட்டும் சின்னதா. என் அப்பாவும் எனக்கு 11 வயசுல உள்ள போனாரு. வெளியூர்ல வேலைன்னு வீட்டுல சொன்னாங்க. கிளாஸ்ல ஒரு பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அப்பா செஞ்சத மன்னிக்க எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு, வீட்டுல சொன்ன பொய்ய மன்னிக்க அத விட லேட் ஆச்சு.

உங்க பையனுக்கு விஷயம் தெரியும் போல, அது நல்லது. கட்டாயப்படுத்தி கூட்டிட்டு போகாதீங்க. போற நாள சொல்லிட்டு "வரியா"ன்னு கேளுங்க, வரலன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க, வந்து அவர் எப்படி இருக்காருன்னு ஒரு வரி சொல்லுங்க. என் சித்தி அப்படித்தான் பண்ணாங்க, ஏழாவது தடவ நானே வரேன்னேன். போனப்ப அப்பா என்கிட்ட பெருசா எதுவும் பேசல, நகத்த கடிக்காதன்னாரு. நான் நகம் கடிக்கிறது அவருக்கு ஞாபகம் இருந்துச்சு.

உங்க அத்தான் எப்படிப்பட்டவர்னு எனக்கு தெரியாது. மேல அந்த அக்கா சொன்ன மாதிரி ஆளா இருந்தா இத விட்டுடுங்க.


நைட்_ஷிப்ட்_மாமா:

எல்லாருக்கும் நன்றி. நாலு வாரம் ஆச்சு, அப்டேட் குடுக்கணும்ல.

அத்தான் அடிக்கிற ஆள் இல்ல, கூடா சேர்க்கை, அவசர புத்தி. போன வாரம் போனேன். பையன் வரல. "கேட்டாரு உன்ன"ன்னு மட்டும் சொன்னேன். ஒண்ணும் சொல்லல, ஆனா எந்திரிச்சு போகவும் இல்ல.

அக்காகிட்ட உக்காந்து கணக்கு பாத்தோம். சாயங்கால வேலைய வாரத்துல மூணு நாளா கொறைச்சிருக்கு, மீதிய நான் பாத்துக்குறேன்னு சொல்லியிருக்கேன், எத்தன மாசம் முடியும்னு பாப்போம்.

அடிச்சதுக்கு மன்னிப்பு கேட்டேன். வாழ்க்கைல முதல் தடவ என்ன விட சின்னவன்கிட்ட கேட்டது, நாக்கு பெரளல. அவன் "ம்"னான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி எங்க நேரம்னு வச்சிருக்கேன். என் பழைய பைக் ஒண்ணு ஸ்டார்ட் ஆகாம கெடக்கு, அத பிரிச்சு போட்டிருக்கோம், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது, போன்ல வீடியோ பாத்து பாத்து பண்றோம். அந்த அண்ணன் குடுத்த போன்லதான் வீடியோ பாக்குறோம்ன்றது வேற கொடுமை. நாலு வாரத்துல மூணு வாரம் வந்தான். வராத வாரம் நான் தனியா உக்காந்து கார்புரேட்டர தொடச்சிட்டு இருந்தேன், ஆறு மணிக்கு அந்த பக்கமா நடந்து போனவன் பாத்துட்டு போனான்.

போன் விஷயம் இன்னும் பேசல. திருப்பி குடுன்னு சொல்லலாமா?


ஒயர்மேன்77:

அவசரப்படாதீங்க ப்ரோ. சும்மா குடுத்தது எதுவும் அங்க கெடையாது, அது வரவு புஸ்தகத்துல ஏறியாச்சு. பையன் தனியா போய் திருப்பி குடுத்தா அது அந்த ஆளுக்கு அவமானம், நாலு பேர் முன்னாடி நடந்தா இன்னும் மோசம். நீங்க போய் வீராவேசமா மேல எறிஞ்சா உங்களுக்கும் சேத்து வம்பு.

மொதல்ல பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இதுக்கு பதிலா இதுவரைக்கும் எதாவது பண்ண சொன்னாங்களா, ஒரு பார்சல் கொண்டு போறது, நின்னு யார் வராங்கன்னு பாக்குறது, அந்த மாதிரி. கோவப்படாம கேளுங்க, பைக்க பாத்துக்கிட்டே கேளுங்க, மூஞ்சிய பாத்து கேட்டா சொல்ல மாட்டான். இல்லன்னு சொன்னா டைம் இருக்கு, மெதுவா நகர்த்தலாம், பைக் வேலை, வேற வேலைன்னு சொல்லி நேரத்த நீங்க எடுத்துக்கோங்க, அந்த பக்கம் நிக்குறது தானா கொறையும். கொறைஞ்ச பையன அவங்க ரொம்ப நாள் தேட மாட்டாங்க, அவங்களுக்கு அடுத்த தெருவுல ஆள் கெடைக்கும். ஆமான்னு சொன்னா இங்க பப்ளிக்கா எழுதாதீங்க, எனக்கு தனியா மெசேஜ் போடுங்க.


ரெண்டு_பசங்க_அம்மா:

ஒயர்மேன் தம்பி சொல்றது சரி. என் பெரியவன்கிட்ட நான் கேட்டது துணி மடிச்சிக்கிட்டே. அந்த மூலைக்கு இந்த மூலைன்னு போர்வைய புடிச்சிட்டு இருந்தான், பாதில சொல்லிட்டான்.


நைட்_ஷிப்ட்_மாமா:

இன்னிக்கு கேட்டேன். செயின்ல கிரீஸ் தடவிட்டு இருந்தான், நிமிரல. கொஞ்ச நேரம் கழிச்சு "ரெண்டு தடவ"ன்னான். என்னன்னு சொல்லல, நானும் தோண்டல. கெளம்பும்போது கைய தொடைச்சிட்டே "அடுத்த வாரமும் நாலு மணியா"ன்னு கேட்டான்.

ஒயர்மேன் அண்ணா, உங்க இன்பாக்ஸ பாருங்க.